கடகடப் பூதத்துக்கு ஏன் முறுக்கு தரவில்லை?

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை, விடாத மழை.

அன்புள்ள மருமகன் ஜோஷ்வாவுக்கு,

மோசஸ் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தமிழ்செல்வியும் சுகம். அங்கே சாலிகிராமத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. ஆகவே அந்த வாக்கியத்தைக் கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படித்து வந்தால் உனக்கு அது கிடைக்கும். நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன், இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபம் வீணாகிவிடும். அதற்குத்தான் கடிதம்.

விஷயம் உன் தொடரைப் பற்றியது. கடகடப் பூதத்தின் கதையை நீ டிவி தொடராக எடுக்கிறாய் என்று உன் அம்மா மணவாள நகரிலிருந்து போன் செய்து சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். என் சின்ன வயதில் சிறுவர் பத்திரிகையில் மாதாமாதம் வந்த கதை. நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா நாடகமாகப் போட்ட கதை. பூதமாக நான்தான் வேஷம் கட்டுவேன். மூங்கில் கூடையில் காகிதம் ஒட்டி வண்ணம் பூசிய தலை, கொட்டாங்கச்சிக் கண்கள், வயிற்றில் ஒரு தலையணை, தலையணைக்குள் கூழாங்கல் போட்ட பிஸ்கட் டப்பா. நடந்தால் கடகடவென்று சத்தம் வரும். நீயே என் தோளில் உட்கார்ந்து மேடையைச் சுற்றி வந்தவன்தான். கீழே இறங்க மாட்டேன் என்று அழுதவனும் நீதான். அப்படிப்பட்ட நீ எடுத்தால் அது எப்படி இருக்கும்? எனக்கு அப்போது தோன்றியதைத்தான் எவனும் நினைப்பான். உடனே என் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "நம் ஜோஷ்வா எடுத்த குழந்தைகள் கதை. சிப்காட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தூங்கிவிடாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்." நீ அதற்கு முந்தின நாள் போனில், "மாமா, சின்னப் பசங்களுக்கு வேணாம் மாமா" என்று சொன்னது உண்மை. அதை நான் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். சமைத்தவள், "இன்னிக்கு கொழம்பு சுமார்தான்" என்று சொன்னால் யாராவது தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார்களா? அப்படித்தான். ஆகவே இதற்கும் நீதான் பொறுப்பு.

எங்கள் வீட்டில்தான் பெரிய டிவி இருப்பதால் பக்கத்து வீட்டு ராபின் குடும்பமும் வந்தது. ராபின் என்னிடம் படித்தவன், சிப்காட்டில் பம்பு செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் மனைவி ஜெனிபர் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். இவர்களின் மகள் மோனிகா ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். கடகடப் பூதத்தின் கதையை என்னிடம் எத்தனையோ தடவை கேட்டவள். நான் ஒரு வரி விட்டுவிட்டால் கையைப் பிடித்துத் திருத்துகிறவள். அவள் அன்றைக்கு முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், பூதத்துக்குக் கொடுப்பதற்காகக் கையில் ஒரு முறுக்கை வைத்துக்கொண்டு.

ஜோஷ்வா, அந்த முறுக்கு கடைசிவரை அவள் கையிலேயே இருந்தது.

முதலில் படமே தெரியவில்லை. டிவி பழுது என்று உன் அத்தை எழுந்து போய் வெளிச்சத்தைக் கூட்டினாள், பிறகு ஒயரை ஆட்டினாள், பிறகு ராபின் மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினான். அவன் மழையில் நனைந்ததுதான் மிச்சம். பிறகுதான் அது உன் கலைநயம் என்று விளங்கிற்று. நம் பூதம் வாழ்ந்தது ஏரிக்கரையில், பட்டப்பகலில். நீ ஏன் அதை நீல மையில் முக்கி எடுத்தாய்? ஊரில் எல்லாரும் ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள்? என் வகுப்பில் ஒருவன் அப்படிப் பேசினால் எழுந்து நின்று சத்தமாகச் சொல் என்பேன். அதற்குள் பூதம் வந்தது. பழைய கதையில் பூதத்தின் வயிறு கடகடத்தால் வழி தவறிய பிள்ளைகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். அது தின்பது முறுக்கு மட்டும்தான். உன் பூதத்தின் வயிறு கடகடத்தால் ஒரு பிள்ளை காணாமல் போகிறது. இது என்னடா அநியாயம் என்று உனக்கு மறுநாள் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "மாமா, அது பூதத்தோட இன்னொரு பக்கம். அதுக்கும் ஒரு வலி இருக்குது மாமா." ஓர் உதாரணம் சொல்கிறேன், கேள். ஒருவன் நம் வீட்டுப் பசுவை மேய்க்க ஓட்டிக்கொண்டு போகிறான். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து கட்டும்போது அதற்குக் கோரைப்பல் முளைத்திருக்கிறது. கேட்டால் இது பசுவின் இன்னொரு பக்கம் என்கிறான். இருக்கட்டும். யார் போய்ப் பால் கறப்பது?

இதெல்லாவற்றையும்கூட நான் பொறுத்திருப்பேன். முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை ஓர் இடத்தில்கூட முறுக்கு இல்லை, அதையும்கூட ஒரு மறதி என்று விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கே தொடர்ந்து வந்த அந்த மூன்றாம் பகுதி! பூதம் தன் தலையைக் கழற்றுகிறது. உள்ளே யார்? ஓய்வு பெற்ற வாத்தியார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சிவப்புப் பேனா, இடது காதுப் பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி. என் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நூல் சுற்றியிருக்கிறது என்று உனக்கே தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சுற்றிக் கொடுத்தவனே நீதான். அந்த வாத்தியார் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்கே, நல்ல பிள்ளையா கையைக் கட்டு பாக்கலாம்" என்கிறார். பிள்ளை கையைக் கட்டுகிறது. பிறகு திரை இருட்டாகிறது; அதாவது இன்னும் இருட்டாகிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நுழைந்ததும் சொன்ன வாக்கியம் அது! அந்தக் கணத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்த அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். உன் அத்தை, என் மனைவி, "ஏங்க, அது நீங்கதாங்க" என்று பெருமையாக வேறு சொன்னாள். மோனிகா முறுக்கைக் கையில் வைத்தபடியே எழுந்து அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சரி, நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்றைக்கு மட்டும்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். மெஷினையெல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். பிள்ளைகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, "எங்கப்பா மிசினு எது?" என்று தேடித் திரியும். ராபின் கம்பெனியில் பொரி கடலைப் பொட்டலம் கொடுப்பது கடகடப் பூதத்தின் வேலை, அதாவது வருஷாவருஷம் என் வேலை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு முறுக்கு கொண்டுவந்து பூதத்திடம் நீட்டும், பூதம் வாங்கிக் கடித்துவிட்டுப் பொட்டலத்தைக் கொடுக்கும். கூடைத் தலைக்குள் கையை விட்டுக் கடிப்பதற்காக மோவாய்ப் பக்கம் தனியாக ஓர் ஓட்டையே வைத்திருக்கிறேன். சர்ச்சுக்குப் போகிற மோசஸ் வாத்தியார் ஆயுத பூஜையில் பூதம் கட்டுகிறாரே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பூதத்துக்கு மதம் கிடையாது, பசி மட்டும்தான்.

இந்த வருஷமும் போனேன். கம்பெனியின் சேப்டி ஆபீசர் சந்திரமோகன் மிகவும் கண்டிப்பான மனிதர். உள்ளே வருகிற குழந்தைக்குக்கூட ஹெல்மெட் மாட்டித்தான் விடுவார். வாசலிலேயே எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து, "உள்ள எதுனா ஆபத்துன்னு தெரிஞ்சா இன்னா பண்ணணும்? செவத்துல கீற செவப்பு பட்டன அமுக்கணும். சைரன் அடிக்கும். அல்லாரும் ஓடாம நடந்து மைதானத்துல பச்சை போர்டாண்ட வந்து நிக்கணும்" என்று பாடம் நடத்தினார். நல்ல பாடம். நானே அவ்வளவு தெளிவாக நடத்தியிருக்க மாட்டேன். பாடம் முடிந்தது. நான் மெஷின் வரிசைக்குப் பின்னாலிருந்து கடகடவென்று நடந்து வெளியே வந்தேன்.

முந்தைய வருஷங்களில் அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் முறுக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வரும். இந்த முறை ஒருவரும் ஓடி வரவில்லை. பிறகு ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு எல்லாக் குழந்தைகளும். புது முறுக்குகள் கம்பெனித் தரையில் விழுந்து நொறுங்கின. மோனிகா மட்டும் அழவில்லை. கற்றுக்கொடுத்தபடி ஓடாமல் நடந்து போனாள், எம்பி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

சைரன் அடித்தால் அந்தக் கம்பெனியில் பூஜையானாலும் சரி, மேனேஜரானாலும் சரி, எல்லாரும் பச்சைப் பலகைக்கு வந்தாக வேண்டும். தலை எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் நகரக் கூடாது. பூசணிக்காய் உடைக்கப் போனவர் பூசணிக்காயோடு வந்து நின்றார். நானும் போனேன். நான் பச்சைப் பலகைக்குப் போனதும் பிள்ளைகள் அங்கிருந்து சிதறி ஓடின. பிள்ளைகள் ஓடியதால் அம்மாக்கள் ஓடினார்கள். சந்திரமோகன் மைக்கில் கத்தினார். "யாரும் ஓடக் கூடாது! கவுண்ட் எடுத்துக்கினு இருக்கேன்!" அவர்கள் திரும்பி வர வேண்டுமே என்று நான் ஒதுங்கிப் போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவர் எண்ணினார். "ஒரு ஆளு கொறையுது. யாருப்பா அது? பூதம்! சார், உங்க பேரு விசிட்டர்ல கீது சார், நீங்க வந்தாதான் கணக்கு முடியும், வாங்க!" நான் போனேன். பிள்ளைகள் ஓடின. இப்படியே பூதம் வருவதும் பிள்ளைகள் போவதும், பிள்ளைகள் வருவதும் பூதம் போவதுமாக, நல்ல வெயிலில், வயிற்றில் டப்பா கடகடக்க, எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ராபின் ஓடி வந்து, "சார், மூஞ்சியக் காட்டிடுங்க சார், நீங்கதான்னு தெரிஞ்சா பயம் பூடும்" என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. பிள்ளைகள் பக்கம் திரும்பிக் கூடையைக் கழற்றினேன். வெள்ளைச் சட்டை. சிவப்புப் பேனா. நூல் சுற்றிய கண்ணாடி. பயம் போகட்டும் என்று சிரித்துக்கொண்டே, பழக்கத்தில், கடவுளே, பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:

"எங்கே, எல்லாரும் நல்ல பிள்ளையா கையைக் கட்டுங்க பாக்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. கம்பெனிச் சுவர் ஏறிக் குதித்தவர்களில் ஒருவர் பெரியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்தார்கள். அடுத்த வருஷம் கரடி வேஷம் ஒன்றை வெளியாள் கட்டுவார் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். கரடி! காட்டில் மெய்யாகவே கடிக்கிற பிராணி அது. அதற்குப் பயப்பட மாட்டார்களாம், முறுக்கு தின்கிற பூதத்துக்குப் பயப்படுவார்களாம். இதுவும் உன் கைங்கரியம்தான். ஆனால் நான் கோபத்தில் கொதிப்பது கரடிக்காக இல்லை. மறுநாள் ராபின் வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. மோனிகா உங்க ஊட்டாண்டயே வரமாட்டேங்குது. இஸ்கூல் வுட்டா எதிர்ப்பக்கமாவே சுத்திக்கினு போவுது. ஜெனிபரு வேலைய வுட்டுடலாமான்னு கேட்டுக்கினு இருக்குறா."

"வேலையை ஏன்டா விடணும்?"

"அப்பறம் புள்ளய யாரு சார் பாக்குறது? இல்லாட்டி மாசக் கடைசிக்கு அப்பறம் திருநின்றவூர்ல எங்க மாமியா ஊட்லயே வுட்டு, அங்கயே இஸ்கூல் சேத்துடலாம்னு சொல்றா. ஒரே பேஜாரா கீது சார்."

அன்றிலிருந்து, உன் அத்தை சாயங்காலம் காய்ச்சுகிற பாலில் மோனிகாவின் டம்ளர் அப்படியே மிஞ்சுகிறது. அந்த டம்ளரை மட்டும் அத்தை சற்றுச் சத்தமாகக் கழுவுகிறாள்.

ஜோஷ்வா, நான் பழமைவாதி இல்லை. பிள்ளைகளுக்குப் பயமே கூடாது என்று சொல்கிறவனும் இல்லை. ஏரியைத் தாண்டும்போது கொஞ்சம் பயம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் பயத்தைக் கொடுக்கிறவன் கூடவே பிடித்துக்கொள்ள ஒன்றையும் கொடுக்க வேண்டும். நான் நீச்சல் பழக்கியபோது உன்னை ஏரியில் தள்ளினேன்; உன் இடுப்பில் காலி டின் கட்டியிருந்தேனா இல்லையா? நீ டின்னைக் கட்டாமல் ஒரு தெருப் பிள்ளைகளையே தள்ளிவிட்டாய். ஆகவே உன்னிடம் கண்டிப்பாகக் கேட்கிறேன். இரண்டாம் சீசன் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். முதல் காட்சியிலேயே பூதத்துக்கு முறுக்கு கொடு. லைட்டைப் போடு. அந்தக் கண்ணாடியைக் கழற்று. பூதம் கெட்டதே இல்லை, எல்லாம் யாரோ கண்ட கனவு என்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். அதுவரை காத்திருக்க நேரமில்லாததால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே புறப்பட்டு வந்து, மோனிகா எதிரே நின்று, "அது எங்க மாமா இல்ல, நான்தான் பொய்யாக் கட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் போ. மாதக் கடைசி நெருங்குகிறது. வராவிட்டால் நான் மணவாள நகருக்குப் போய் உன் அம்மாவிடம், நீ பூதத்தின் தோளில் உட்கார்ந்துகொண்டு பயத்தில் என்ன செய்தாய் என்பதையும், அந்த வேஷ்டியை யார் துவைத்தது என்பதையும் சொல்லவேண்டி வரும்.

சரியான நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. உன் தொடர் ஏன் அவ்வளவு இருட்டு என்பதற்கு அதுதான் காரணம் என்று உன் அத்தை நினைக்கிறாள். கர்த்தர் உன்னை நல்ல புத்தியோடும், நல்ல வெளிச்சத்தோடும் காப்பாராக. மேலே பாக்கி வைத்த வாக்கியம் இதோ: நீ சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் மாமா,
மோசஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபால் பெட்டிக்குப் புறப்பட்டேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ராபினின் பைக்குக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட் தெரிந்தது. ராபினுடைய ஹெல்மெட், கண்வரை மூடியிருந்தது. கீழே மோனிகா. எங்கள் சுற்றுச்சுவர்மேல் பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது.

"சாப்புடு" என்றாள்.

"மோனிகா, நான் மோசஸ் தாத்தாம்மா."

"பொய். டிவிலயும் அது அப்பிடித்தான் சொல்லும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "டிவில யாருமே உனக்கு முறுக்கு குடுக்கல. நான் கையிலயே வெச்சுக்கினு இருந்தேன், நானும் குடுக்கல. அன்னிக்கு கம்பெனில அல்லாரும் கீழ போட்டுட்டாங்க. அதான் நீ இப்பிடி ஆயிட்ட."

ஜோஷ்வா, நான் அதை மறதி என்று எழுதினேன். அவள் அதைக் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தேன். அவள் சத்தம் கேட்கிறதா என்று காதைச் சாய்த்துப் பார்த்தாள். "இன்னும் கடகடங்குதா?" என்றாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, கொஞ்சம் என்றேன். "சரி, நாளைக்கும் எத்துனு வரேன். அது வரைக்கும் யாரையும் துன்னாத" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அதனால் அன்றைக்குத் தபால் பெட்டிக்குப் போகவில்லை; இரண்டு நாள் கழித்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மறுநாள் பொட்டலத்தைச் சுவர்மேல் வைக்காமல் கேட்டின் கம்பி வழியாக நீட்டினாள். இன்றைக்கு உள்ளே வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள். உன் அத்தை பால் கொடுத்தாள், குடித்தாள். வேலையை விடுவதாகச் சொன்ன பேச்சை ஜெனிபர் இந்த வாரம் எடுக்கவில்லை. டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று சொன்னது உன் அத்தைக்கு நினைவிருக்கிறது; வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

ஆகவே மேலே கேட்டதில் ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து, அது பொய் என்று உளறிவைக்காதே. கனவு என்றும் எழுதிவிடாதே. இருட்டு இருக்கட்டும், நூல் சுற்றிய கண்ணாடியும் இருக்கட்டும். பால் குடிக்கும்போதுகூட அவள் அந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதைக் கழற்றும்வரை உன் பூதத்தை நல்லதாக்கிவிடாதே. அந்த வேலையை ஒருத்தி செய்துகொண்டிருக்கிறாள்.